பிழைக்கென ஒரு கட்டம்

மனிதன் தன் வெற்றியைக் கல்லில் பொறித்து வைக்கிறான். தோல்வியையும் காலப்போக்கில் ஒப்புக்கொள்கிறான். பிழையை மட்டும் எப்படியாவது மறைத்துவிடவே விரும்புகிறான். வெற்றி தோல்விகளை எழுதும் அதே பலகையில், ஊரார் அனைவரும் காணும்படி, பிழைகளையும் எண்ணி எழுதுகின்ற வழக்கம் உலகில் எங்கேனும் உண்டா? உண்டு. அமெரிக்க நாட்டின் பேஸ்பால் அரங்குகளில் அதனைக் காணலாம்.

கோடை விடுமுறை தொடங்கியதும் அந்நாட்டுக் குடும்பங்கள் மகிழுந்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நெடும்பயணம் புறப்படுவது வழக்கம். மலைகளையும் ஏரிகளையும் நாடிச் செல்வோர் பலர். ஊர் ஊராகச் சென்று பேஸ்பால் அரங்குகளைக் கண்டு வருவோரும் உளர். முதல்நிலைப் போட்டிகளில் ஆடும் அணிகள் 30. அவற்றின் அரங்குகளில் எந்த இரண்டும் ஒரே வடிவின அல்ல. வெளிப்புற எல்லைகளும் சுவரின் உயரமும் அரங்குக்கு அரங்கு வேறுபடும். ஆதலின் ஒன்றைக் கண்டவர் மற்றொன்றையும் காண விழைகின்றனர்.

அத்தகைய பயணம் ஒன்று பாஸ்டன் நகரில் தொடங்குகிறது எனக் கொள்வோம். அங்குள்ள ஃபென்வே பார்க், 1912ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. முதல்நிலை அணிகளின் அரங்குகளுள் இதுவே மிகப் பழையது. அதன் இடப்புறத்தில் 37 அடி உயரமுள்ள பச்சைச் சுவர் ஒன்று எழுந்து நிற்கிறது. சுவரின் அடிப்பகுதியில் ஆட்டக் கணக்குப் பலகை அமைந்துள்ளது. மின் விளக்குகள் எண் காட்டும் இக்காலத்திலும், சுவருக்குள் இருக்கும் பணியாளர்கள் அங்கே எண் தகடுகளைக் கையால் மாட்டி வருகின்றனர். ஒவ்வோர் அணியின் வரிசைக்கும் இறுதியில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதலாவது ஓட்டங்களுக்கு உரியது. இரண்டாவது நல்ல அடிகளுக்கு உரியது. மூன்றாவது பிழைகளுக்கு உரியது.

பேஸ்பால், நம் பள்ளித் திடல்களில் ஆடப்படும் ரவுண்டர்ஸ் ஆட்டத்திற்கு உறவுடையது. பந்தை அடித்தவர் முதல் தளத்தை மிதிப்பதற்குள் பந்து அங்கே காத்திருப்பவரின் கைக்கு வந்து சேர்ந்தால், அடித்தவர் ஆட்டமிழப்பார். இயல்பான முயற்சியால் பிடித்திருக்கக்கூடிய பந்தை ஓர் ஆட்டக்காரர் தவறவிட்டால், அதைப் பிழை எனக் கணக்கெழுதும் அலுவலர் தீர்மானிக்கிறார். உடனே மூன்றாம் கட்டத்தின் எண் மாறுகிறது. பிழை செய்தவர் அடுத்த பந்துக்காக அதே இடத்தில் நின்றாக வேண்டும். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. பலகை பிழையை மறைப்பதுமில்லை, பெரிதாக்குவதுமில்லை; ஒன்றை ஒன்றாகவே எழுதுகிறது.

பெரிதாக்குவோர் மனிதரே. 1986ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், நியூயார்க் நகரில் நடந்த இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், பாஸ்டன் அணியின் பில் பக்னர் ஓர் எளிய பந்தைத் தவறவிட்டார். அது அவருடைய கால்களுக்கிடையே உருண்டோடியது. பாஸ்டன் அந்த ஆட்டத்தில் தோற்றது. அதற்குப் பின் ஏழாம் ஆட்டம் ஒன்று இருந்தது. அதிலும் பாஸ்டனே தோற்றது. ஆயினும் தொடரின் தோல்வி முழுவதையும் மக்கள் அந்த ஒருவரின் தலையிலேயே ஏற்றினர். பலகை ஓர் எண்ணாக எழுதியதை, மக்கள் ஒரு மனிதரின் வாழ்வின் மேல் எழுதினர். 2008ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் ஃபென்வே அரங்கிற்கு அழைக்கப்பட்டுச் சடங்கு முறையில் முதல் பந்தை எறிந்தபோது, அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது. அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் பாஸ்டன் 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியிருந்தது. இழப்பின் வலி ஆறிய பின்னர் வழங்கப்படும் மன்னிப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதற்கு வழங்குவோர் கொடுக்கும் விலை சிறிதே.

விலை மிகுந்த மன்னிப்பைக் காண விரும்புவோர் மேற்கு நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, டெட்ராய்ட் நகரை அடைய வேண்டும். அங்குள்ள காமெரிக்கா பார்க் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் இரவு, கிளீவ்லாந்து அணியை எதிர்த்து டெட்ராய்ட் அணிக்காகப் பந்தெறிந்தவர் அர்மாண்டோ கலரகா. வெனிசுவேலா நாட்டைச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 28. ஒன்பது சுற்றுகளில் எதிரணியினர் 27 பேரையும், ஒருவர்கூட முதல் தளத்தை எட்டாதவாறு வீழ்த்துவதைக் குறையிலா ஆட்டம் என்பர். முதல்நிலைப் போட்டிகளின் நீண்ட வரலாற்றில் அதுவரை அது 20 முறையே நிகழ்ந்திருந்தது. கலரகா 26 பேரை வீழ்த்திவிட்டார். இருபத்தேழாமவர் அடித்த பந்தை மிகேல் கப்ரேரா எடுத்து எறிய, கலரகாவே ஓடிச்சென்று பிடித்து முதல் தளத்தை மிதித்தார். ஓடிவந்தவர் ஓரடி பின்தங்கியிருந்தார். ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்து, ஓடிவந்தவர் தப்பினார் என்று தீர்ப்பளித்தார்.

கலரகா வாதிடவில்லை, மெல்லச் சிரித்தார். திரும்பிச் சென்று அடுத்தவரை வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார். டெட்ராய்ட் வென்றது. பலகையில் கிளீவ்லாந்து அணிக்கு நல்ல அடி ஒன்று என்று பதிவாயிற்று.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. ஆட்டக்காரரின் பிழைக்கு ஒரு கட்டம் உண்டு. தீர்ப்பளித்தவரின் பிழைக்கு எந்தக் கட்டம்? அதற்கு இடமே இல்லை. தீர்ப்பவரின் பிழை எங்கும் எழுதப்படுவதில்லை. மற்றவரின் கணக்கிலேயே அது மாற்றி எழுதப்படுகிறது. அந்த இரவில் நடுவரின் பிழை, எதிரணியின் நல்ல அடியாக உருமாறியது போல.

ஜாய்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ளவர். கணப்பொழுதில் நிகழ்ந்தது என்று அவர் கூறியிருக்கலாம். நடுவரின் சொல்லே முடிவானது என்று விதியின் பின்னே ஒளிந்திருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் அவர் படப்பதிவைப் பார்த்தார். தாம் தவறியதை உணர்ந்தார். செய்தியாளரிடம் அதை மறைக்காமல் கூறினார். கலரகாவை நேரில் கண்டு கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். கலரகா அவரைத் தழுவிக்கொண்டார். மறுநாள் பகல் ஆட்டத்திற்கு வராமல் இருந்துகொள்ள வாய்ப்பிருந்தும் ஜாய்ஸ் வந்து நின்றார். ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் கொடுக்க, டெட்ராய்ட் அணியின் மேலாளர் கலரகாவையே அனுப்பினார். முந்திய இரவு அரங்கெங்கும் சினந்த மக்கள், அந்தக் கைகுலுக்கலைக் கண்டு கைதட்டினர். ஒரே நாள்தான் சென்றிருந்தது. காயம் இன்னும் ஆறவில்லை.

அப்படியாயின் ஏட்டையும் திருத்தியிருக்க வேண்டாமா? போட்டிகளின் தலைமை ஆணையர் பட் சீலிக் மறுத்துவிட்டார். ஒரு தீர்ப்பை மாற்றினால் பழைய தீர்ப்புகள் அனைத்தும் கதவைத் தட்டும் என்பது ஒரு வாதம். உண்மை தெளிவாகத் தெரிந்த பின்னும் பொய்யைக் காப்பது நீதியாகுமா என்பது மறுவாதம். திருத்தப்படாததனால்தான் கலரகாவின் புகழ் நிலைத்தது என்று ஆறுதல் கூறுவோரும் உண்டு. அந்த ஆறுதலைச் சொல்லும் உரிமை இழந்தவருக்கு உண்டே தவிர, பிறருக்கு இல்லை. அவருடைய பெருந்தன்மை, ஏற்பட்ட அநீதியை நீதியாக்கிவிடாது.

தவறிய தீர்ப்பு என்றதும் தமிழ் கற்றோர் உள்ளத்தில் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தோன்றாமல் இரான். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது, அவன் தன் பிழையை மறைக்க முயலவில்லை. அரியணையிலேயே உயிர் நீத்தான். போன உயிரை மீட்கும் வழி அவனுக்கு இல்லை. ஓர் ஆட்டத்தின் இழப்பை அதனோடு ஒப்பிடலாகாது. ஆயினும் பிழைபட்ட தீர்ப்பாளருக்கு இறப்பு ஒன்றே வழியன்று. மறுநாள் அதே மக்கள் முன் அதே பணியைச் செய்ய வந்து நிற்பதும் ஓர் அறமே. அதுவும் எளிதன்று.

2014ஆம் ஆண்டு முதல் இத்தகைய தீர்ப்புகளைப் படப்பதிவின் துணையோடு மீளாய்வு செய்யும் முறை வந்துவிட்டது. இன்று அத்தவறு சில நிமிடங்களில் திருத்தப்பட்டிருக்கும். அது நன்மையே. ஆனால் கருவி தீர்ப்பைத் திருத்துமேயன்றி, மன்னிப்புக் கேட்காது. கருவி இல்லாத இடங்களோ உலகில் மிகப் பல.

அவற்றுள் ஒன்று வகுப்பறை. மாணவனின் பிழைக்குச் சிவப்பு மை உண்டு. ஆசிரியரின் பிழைக்கு மை இல்லை. சரியான விடைக்குத் தவறெனக் குறியிடப்படுவதுண்டு. ஒருவன் செய்த குறும்புக்கு மற்றொருவன் தண்டிக்கப்படுவதுண்டு. அவையெல்லாம் மாணவனின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. பிழையை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்று ஆசிரியர் அஞ்சுவது இயல்பு. ஆனால் அதே 2010 ஜூன் திங்களில் ஆட்டக்காரர்களிடையே நடத்தி வெளியிடப்பட்ட கருத்துக் கணிப்பு ஒன்றில், சிறந்த நடுவராக முதலிடம் பெற்றவர் ஜிம் ஜாய்ஸே. மேலும், வகுப்பின் முன்னே ஏசிய ஏச்சைத் தனியறையில் திரும்பப் பெறுவது பாதி நேர்மையே ஆகும். எல்லாரும் கேட்கச் செய்த தவறு, எல்லாரும் கேட்கவே திருத்தப்பட வேண்டும்.

பச்சைச் சுவரின் மூன்றாம் கட்டத்தில் எண்ணை மாட்டுவதற்கு ஓர் ஆள் இருக்கிறார். தீர்ப்பளிக்கும் இடத்தில் இருப்பவருக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. அந்த எண்ணை அவர் தம் கையாலேயே மாட்டிக்கொள்ள வேண்டும்.