மிச்சம் யாருக்குச் சொந்தம்?

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர் ஏரியின் பாசனத்தில் நெல் விளைகிறது; அப்பகுதியில் தென்னையும் மாவும் செழிக்கின்றன. விளைச்சலை எடுத்தபின் எஞ்சும் வைக்கோல், உமி, மட்டை, கொட்டாங்கச்சி, மாங்கொட்டை அனைத்தையும் ‘கழிவு’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். அச்சொல் சரியானதுதானா?

இன்றைய அறிவியல் இக்கழிவுக்குப் புதிய மதிப்பைத் தந்திருக்கிறது. காற்றுப் புகாத கலனில் ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், அது எரிந்து சாம்பலாவதில்லை, சிதைகிறது. எழும் ஆவியைக் குளிர்வித்தால் கரிய எண்ணெய் கிடைக்கும். கலனில் தங்குவது கரி. விரைந்து சூடாக்கினால் உலர்ந்த எடையில் 60 முதல் 75 விழுக்காடு வரை எண்ணெயாகும். மெல்லச் சூடாக்கினால் கரி மிகும். மூட்டம் போட்டுக் கரி எடுக்கையில் வானில் கலக்கும் புகையே இங்கு எண்ணெயாகப் பிடிபடுகிறது. பெட்ரோலிய எண்ணெயின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியே இது தரும். ஆயினும் ஆலை உலைகளுக்கு உதவும். ஆலைகள் நிறைந்த ஓசூர் இதே மாவட்டத்தில் இருக்கையில், இதனை வரவேற்கவே தோன்றும்.

வரவேற்போம், ஆனால் ஒன்றைச் சிந்திப்போம். விலையில்லாப் பொருளுக்கு விலை வந்துவிட்டால், அதனால் இதுவரை வாழ்ந்தவர் நிலை என்ன? வைக்கோல் மாட்டின் உணவு. மட்டை ஏழையின் விறகு. மட்கும் தழை மண்ணின் உரம். வயலோரக் கதிரையும் சிந்திய கதிரையும் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடுமாறு லேவியர் நூல் கட்டளையிடுகிறது. அது ஈகையன்று, உரிமை. மோவாபியப் பெண்ணான ரூத்து போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது அவ்வுரிமையால்தான்.

ஒன்றும் வீணாகாதபடி அப்பத் துண்டுகளைச் சேர்க்கச் சொன்னவரும் நம் ஆண்டவரே. பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஆனால் மக்கள் வயிறார உண்ட பின்னரே அக்கூடைகள் வந்தன என்பதை நாம் மறத்தலாகாது. மிச்சத்தின் அறம் இவ்வரிசையில்தான் அடங்கியுள்ளது.

மாடும் அடுப்பும் மண்ணும் தம் பங்கைப் பெற்றபின் எஞ்சுவதை, வயலில் வீணே கொளுத்தப்படும் சோகையை, மாங்கூழ் ஆலைகளில் குவியும் கொட்டையை எண்ணெயாக்குவோம். கரியில் ஒரு பங்கை வயலுக்கே திருப்புவோம். அது மண்ணில் நூற்றாண்டுகள் நிலைத்து, நீரையும் சத்தையும் பிடித்து வைக்க உதவும். அமேசான் பகுதியின் பழங்குடியினர் விட்டுச்சென்ற கரி கலந்த கருமண் இன்றும் வளம் குன்றவில்லை.

வீசியெறியும் பண்பாடு பொருள்களை மட்டுமன்றி மனிதரையும் ஒதுக்குகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் திருமடலில் எச்சரித்தார். கழிவைப் பொன்னாக்கும் ஆர்வத்தில், கழிவை நம்பி வாழ்வோரை நாம் கழித்துவிடலாமா?