பிந்திப் புறப்பட்ட கடிதம்



டிசம்பர் 3-ந் தேதி அர்ச். சவேரியார் திருநாள். நம் முத்துக்குளித்துறைக்கு அவர் வந்து சேர்ந்த வழியின் தூரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1541-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். கோவா பட்டணத்தில் இறங்கியது 1542 மே 6-ந் தேதி. பதின்மூன்று மாதம்! ஆகாய மார்க்கமாய் அளந்தால் அவ்விரு பட்டணங்களுக்கும் இடையே சுமார் 8,300 கிலோமீட்டர். இன்றைய விமானம் எங்கும் நில்லாமல் பறந்தால் ஏறக்குறைய பத்து மணி நேரத்து வழி. அன்றோ ஆப்பிரிக்காவைச் சுற்றி வரவேண்டும், காற்றுக் காலம் தப்பினால் அடுத்த காற்றுக்குக் காத்துக் கிடக்கவேண்டும். மொசாம்பிக்கில் மட்டும் மாதக்கணக்கில் தங்கி நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். கடலின் ஆட்டம் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு மாதம் வருந்தினாராம்; வள்ளத்திலேயே வளர்ந்த நம் ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும்.

கடிதங்களும் அப்படியே ஊர்ந்தன. ஐரோப்பாவிலிருந்த தம் தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை வெட்டியெடுத்துத் தம்மோடு வைத்துக் கொண்டிருப்பதாக 1546-ல் அம்போய்னாத் தீவிலிருந்து எழுதினார். ஒரு கடிதம் வந்தால் அவருக்கு அது எத்தகைய பொக்கிஷம்!

1553 ஜூன் 28-ந் தேதி உரோமாபுரியிலிருந்து அர்ச். இஞ்ஞாசியார் அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி அழைத்து எழுதினார். சவேரியாரோ 1552 டிசம்பரிலேயே சீனக் கரையருகே சான்சியன் தீவில் உயிர் துறந்திருந்தார். ஏறக்குறைய ஏழு மாதம் ஆகியும் செய்தி உரோமாபுரியை எட்டவில்லை. அத்தீவுப் பக்கத்திலுள்ள ஹாங்காங்குக்கு உரோமையிலிருந்து இன்று சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் பறந்து போகலாம்.

நம் பிள்ளைகள் இருக்கும் துபாய் அவ்வளவு தூரமுமில்லை. திருவனந்தபுரத்தில் ஏறினால் நாலு மணி நேரம். அப்படியிருந்தும் நம் வீடுகளில் செய்தி பிந்துகிறதே, ஏன்?

அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போன வீடுகளில் இதைக் கண்டிருக்கிறேன். தாய் மகன் பெயரைச் சொல்லி வாசலையே பார்த்துக் கிடக்கிறாள். மகனோ முந்திய இரவுதான் கைபேசியில், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டு, "நல்லா இருக்காங்க" என்ற பதிலோடு தூங்கப் போயிருக்கிறான். லீவு கிடைக்காது, டிக்கெட்டுக்குக் கடன் வாங்குவான், பயலுக்கு ஏன் வீண் கவலை என்கிறார்கள். அன்பினால்தான் மறைக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் அதைச் சரியென்று நான் சொல்லமாட்டேன். கடன் வாங்குவதா, வேலையை விட்டு வருவதா என்பதை அவனல்லவா தீர்மானிக்க வேண்டும்? லாசர் வியாதியாய்க் கிடந்தபோது அவர் சகோதரிகள் ஆண்டவருக்குச் சொல்லியனுப்பினார்கள். வருவதும் வராததும் அவர் சித்தம் என்று விட்டார்கள்.

வேறு சில வீடுகளில் பாகப்பிரிவினை மனஸ்தாபம். "அவனே முதலில் பேசட்டும்" என்று தகப்பனும், "அப்பா கூப்பிடட்டும்" என்று மகனும் வருஷத்தை ஓட்டுகிறார்கள். இதற்கு எந்த விமானம் என்ன செய்யும்?

ஆகையால், இனி அவஸ்தைப்பூசுதலுக்கு என்னைக் கூப்பிட ஆள் அனுப்பும்போதே வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அகால வேளையாயிற்றே என்று தயங்கவேண்டாம். துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம்தான் பின்னால்.