தோற்கும் குழந்தையின் பக்கம்

குழந்தைகள் மேடையேறுவது நமக்குப் புதிதல்ல. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் பள்ளி வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். மாண்டலின் சீனிவாஸ் சிறுவனாக இருந்தபோதே கச்சேரி செய்தவர். ஆகவே, குழந்தை தொலைக்காட்சியில் பாடலாமா என்பதில் பெரிய வழக்கு இல்லை, தாராளமாகப் பாடட்டும். அந்தக் குழந்தை தோற்பதையும் காட்சியாக்கி விற்கலாமா என்பதே வழக்கு.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் நியாயம் உண்டு. சபா மேடைகள் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத குடும்பத்துக் குழந்தையின் குரலைத் தொலைக்காட்சி ஊரறியச் செய்கிறது. பரிசுப் பணம் ஒரு குடும்பத்தின் கடனை அடைக்கலாம். இதை ஏளனம் செய்ய வசதியுள்ளவர்களுக்கு உரிமையில்லை.

‘பள்ளிக்கூடத்திலும்தான் போட்டி இருக்கிறது, தோல்வியும் பழக வேண்டாமா?’ என்று கேட்பவர்களும் உண்டு. பழகத்தான் வேண்டும். ஆனால் விளையாட்டு விழாவில் தோற்ற பிள்ளையின் அழுகை அன்று மாலையே ஓய்ந்துவிடும். எலிமினேஷன் சுற்றில் நடப்பது வேறு. முடிவை இழுத்தடித்துச் சொல்கிறார்கள். கேமரா முகத்தை நெருங்குகிறது; அம்மாவின் கண்ணீரையும் காட்டுகிறது; சோக இசை சேர்கிறது. அடுத்த நாள் அதுவே புரொமோ. பிறகு யூடியூபில் நிரந்தரமாகத் தங்குகிறது. எட்டு வயதில் அழுததைப் பதினெட்டு வயதில் கல்லூரித் தோழர்கள் தேடிப் பார்க்கலாம்.

குழந்தை விரும்பித்தானே வந்தது என்பார்கள். பாட விரும்பியிருக்கும். தன் அழுகை விளம்பர இடைவேளையைத் தாண்டியும் நேயர்களைப் பிடித்துவைக்கப் பயன்படும் என்பதை அந்த வயதில் எப்படி அறியும்? குழந்தையின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பெற்றோருக்கோ கனவும் கடனும் இருக்கின்றன. அவர்களுடைய சம்மதம் முழுக்கக் குழந்தையின் நலனிலிருந்தே வருகிறது என்று சொல்ல முடியாது.

சட்டம் ஓரளவு காவல் நிற்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்தத் தடை விதித்தது. சினிமா, தொலைக்காட்சி போன்றவற்றில் கலைஞராகப் பங்கேற்க விலக்களித்தது. சர்க்கஸுக்கு அந்த விலக்கும் இல்லை. 2017 விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் போடப்பட வேண்டும். நடன நிகழ்ச்சிகளில் குழந்தைகளை ஆபாசமாகக் காட்ட வேண்டாம் என்று 2019-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. நேரத்தையும் பணத்தையும் சட்டத்தால் அளக்க முடிகிறது. ஒரு குழந்தை பலர் முன்னால் கூனிக்குறுகுவதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

அதைத் தடுக்க வேண்டியவர்கள் நிகழ்ச்சியை நடத்துபவர்கள்தான். வெளியேற்றாமல் எல்லாக் குழந்தைகளையும் கடைசிவரை பாட வைக்கலாம். மதிப்பெண்ணைக் கேமரா இல்லாத அறையில் சொல்லலாம். நடுவர்கள் குறைகளைத் தனியே எடுத்துரைக்கலாம். வளர்ந்தபின் தன் காட்சிகளை நீக்கக் கேட்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரலாம். இவற்றால் இசைக்கு எந்தக் குறையும் வராது, டி.ஆர்.பி. சற்றுக் குறையலாம்.

குழந்தையின் அழுகையை வெட்டிவிட்டால் ஒரு நிகழ்ச்சி ஓடாது என்றால், அது ஓடவே வேண்டாம்.