இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம்

காலை ஒன்பதே முக்காலுக்கு வரவேற்பு மேசைக்கு முன்னால் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். பல் மருத்துவர்கள் மூன்று பேர், உதவியாளர்கள் நான்கு பேர், வரவேற்பில் இருக்கும் பெண், 'ட்ரீட்மென்ட் கோஆர்டினேட்டர்' என்று அட்டை மாட்டிய இன்னொரு பெண். கிளை மேலாளர் கையிலிருக்கும் டேப்லெட்டைப் பார்த்து நேற்றைய கணக்கை வாசிப்பார். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு ரூபாய்க்குச் சிகிச்சை சொல்லப்பட்டது, அதில் எவ்வளவு 'கன்வர்ட்' ஆனது. பிறகு ஒவ்வொரு மருத்துவரின் பெயரையும் சொல்லி, இந்த மாத டார்கெட்டில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பார். சென்னையில் ஒரு கார்ப்பரேட் பல் மருத்துவச் சங்கிலியில் நான்கு ஆண்டுகள் என் வேலைநாள் இப்படித்தான் தொடங்கியது. நேற்று யாருக்கு வலி நின்றது என்று அந்தக் கூட்டத்தில் ஒரு நாளும் பேச்சு எழுந்ததில்லை.

ஆனாலும் அந்த வேலையை ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு, ஒரு ஆண்டு பயிற்சி என்று பி.டி.எஸ். முடித்து வெளியே வந்தபோது என் பெயரில் கல்விக்கடன் இருந்தது. அப்பா சங்கரன்கோவிலில் ரேஷன் கடை ஊழியர். நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே, ஆட்டோகிளேவ், கடைக்கு அட்வான்ஸ் என்று சொந்தமாக ஒரு கிளினிக் போடுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. முதலில் சேர்ந்த சிறிய கிளினிக்கில் மாதம் 9,000 ரூபாய் தந்தார்கள், அதுவும் தவணையாக. கருவிகளை அங்கே வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்தார்கள். சங்கிலியிலோ ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும், பி.எஃப். உண்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் கருவிகள் ஆட்டோகிளேவ் செய்த உறையில் வரும்; அவர் கண்ணெதிரே பிரிப்போம். ரூட் கேனல் என்றால் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற விரிப்பைப் போடாமல் தொடக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தார்கள். கருவியைச் சுத்தமாகப் பிடிக்க நான் கற்றுக்கொண்டது அங்கேதான். இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அது நியாயமாக இருக்காது.

மற்றது ஒரு மென்பொருளில் இருந்தது. திரையில் முப்பத்திரண்டு பற்களும் வரையப்பட்டிருக்கும். ஒரு பல்லைத் தொட்டால் பட்டியல் விரியும்: ஃபில்லிங், ரூட் கேனல், கேப், பல் எடுத்தல், இம்பிளான்ட். ஒவ்வொன்றின் பக்கத்திலும் விலை. தேர்ந்தெடுத்தால் பல் சிவப்பாகும். பணம் கட்டி வேலை முடிந்தால் பச்சையாகும். 'இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்' என்று பதிய அந்தப் பட்டியலில் இடமே இல்லை. கீழே குறிப்பாகத் தட்டச்சு செய்யலாம். செய்தால் அந்த நோயாளி மறுநாள் காலைக் கணக்கில் 'லாஸ்ட்' என்ற தலைப்பின் கீழ் வருவார். யார் எதை இழந்தார்கள் என்று முதல் மாதம் எனக்கு விளங்கவில்லை.

கல்லூரியில் எங்களுக்கு 'இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம்' என்ற அந்த வாக்கியத்தை ஒரு சிகிச்சையாகவே கற்றுத் தந்திருந்தார்கள். இனிப்பு வாயில் பட்டதும் கிருமிகள் அமிலம் சுரக்கும். பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்ததும் அவை திரும்பப் படியும். ஒவ்வொரு டீக்குப் பிறகும் நம் வாயில் நடக்கும் காரியம் இது. கரைவது மிஞ்சினால் முதலில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு திட்டு தெரியும். மேற்பரப்பு உடையாதவரை, ஃபுளோரைடு பேஸ்ட்டாலும் இனிப்பைக் குறைப்பதாலும் அதை அங்கேயே நிறுத்திவிடலாம். கடைவாய்ப் பல்லின் வரிப்பள்ளத்தில் தெரியும் பழுப்புக் கோடு பல நேரம் வெறும் கறைதான். குழி விழுந்துவிட்டால் அடைத்துத்தான் ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் எனாமல் திரும்ப வளராது. அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. எந்த ஃபில்லிங்கும் ஆயுளுக்கும் நிற்பதில்லை. மாற்றும் ஒவ்வொரு முறையும் குழி கொஞ்சம் பெரிதாகும், பிறகு ரூட் கேனல், பிறகு கேப். அதனால்தான் ஒரு பல்லில் முதல்முறை குடையும் பர் வைப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்கச் சொன்னார்கள்.

சிறிய கேமராவை வாய்க்குள் விட்டு, நோயாளியின் பல்லை அவருக்கே திரையில் காட்டுவோம். விளக்கிச் சொல்ல நல்ல கருவி. ஆனால் ஒரு கடைவாய்ப் பல் உள்ளங்கை அளவுக்குத் திரையில் விரியும்போது, டீக்கறைகூடக் கிணறு மாதிரி இருக்கும். அதைப் பார்த்தவர் முகம் மாறும். அந்த முகத்தோடுதான் அவர் கோஆர்டினேட்டரின் கண்ணாடி அறைக்குப் போவார். தவணை எத்தனை மாதம் என்று முடிவானபின் ஒப்புதல் படிவத்தில் விரலால் கையெழுத்துப் போடுவார். நோயாளியின் ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. செய்யப்போவது என்ன, வேறு வழி என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் போதுமான அளவு சொல்லிய பிறகுதான் ஒப்புதல் வாங்க வேண்டும். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் கண்ணாடி அறையில் யார் சொல்லியிருக்க முடியும்? அந்தப் பெண் எம்.பி.ஏ. படித்தவள். சொல்ல வேண்டியவள் நான்.

என் மூன்றாவது ஆண்டு மார்ச் மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த மாதம் நான் டார்கெட்டுக்குச் சில ஆயிரங்கள் கீழே இருந்தேன். தரமணியில் படிக்கும் ஒரு பையன், இருபத்தொரு வயது இருக்கும், பல்லைக் கிளீன் பண்ண வந்தான். கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப் பற்களில் பழுப்புக் கோடு. புரோப் எங்கும் சிக்கவில்லை. எக்ஸ்ரேயிலும் தெளிவாக ஒன்றும் இல்லை. திரையில் காட்டினேன்.

"பண்ணியே ஆகணுமா மேடம்?" என்று கேட்டான்.

"பண்ணிடறது நல்லதுப்பா" என்றேன்.

பல்லைக் குடையும் ஏரோட்டர் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சொத்தை இருந்தால் எனாமலைத் தாண்டியதும் ஒரு தளர்ச்சி கைக்குத் தெரியும். உள்ளே நனைந்த மரத்தூள் போலச் சுரண்ட வரும். அன்று அப்படி எதுவும் வரவில்லை. முதல் பல்லில் அடிவரை கெட்டியாக இருந்தது, சத்தம் மாறவே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது பல்லையும் திறந்தேன், ஒன்றில் மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டால் கேள்வி வருமே என்று. இரண்டையும் பல் நிறத்தில் அடைத்து, நீல விளக்குக் காட்டி, மெருகு போட்டேன். 3,600 ரூபாய். திரையில் இரண்டு பற்கள் பச்சையாயின.

"வலியே தெரியல மேடம், தேங்க்ஸ்" என்று எழுந்து போனான். நல்ல பல்லில் வலி எங்கிருந்து வரும்?

யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. இதை நான் பலமுறை எனக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். மேலாளர் ஒரு பொய்யைச் சொல்லுமாறு ஒரு நாளும் கட்டளையிட்டதில்லை. காலையில் ஒரு எண்ணை வாசித்தார், அவ்வளவுதான். ஆனால் இன்னும் இவ்வளவு பாக்கி என்ற நினைப்போடு ஒருவர் வாய்க்குள் குனியும்போது கண்ணே வேறு மாதிரி பார்க்கிறது. சந்தேகமாக இருப்பது நிச்சயமாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை; முன்னெச்சரிக்கை என்று தோன்றியது. எனக்குப் பெரிய அச்சம் தந்தது இதுதான்.

அதன் பிறகு மேலாளரிடம் போய், மென்பொருளில் 'பார்வையில் வை' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் அதற்கு முன் செல்போன் கம்பெனியில் விற்பனையில் இருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"டாக்டர், நீங்க ஆறு மாசம்னு சொல்றீங்க. அவங்க ஆறு வருஷம் கழிச்சு, கன்னம் வீங்கி வருவாங்க. அதுக்கு இப்பவே முடிச்சு விட்டா அவங்களுக்குத்தானே நல்லது?"

அவர் சொன்னதை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. நம் ஊரில் பல் மருத்துவரிடம் போவது என்றாலே வலி தாங்க முடியாமல் போவதுதான். லவங்கம் வைத்து, உப்புத் தண்ணீர் கொப்பளித்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, கடைசியில்தான் எங்களிடம் வருவார்கள். அவர் வாதம் அந்தப் பழக்கத்தின் மேல் நின்றது.

நான் ஒரு நோட்டு வாங்கினேன். பொறுத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னவர்களின் பெயர், பல், தேதி மூன்றையும் எழுதிவைத்தேன். ஆறாவது மாதம் வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி என் போனிலிருந்தே கூப்பிட்டேன். நாற்பத்து மூன்று பெயர்கள். பதினொரு பேர் வந்தார்கள். அவர்களில் ஒன்பது பேருக்குப் பல் அப்படியே இருந்தது. இரண்டு பேருக்குச் சிறிய குழி; அடைத்தேன். வராதவர்களில் ஒரு அம்மா, "வலி ஒண்ணும் இல்லியே டாக்டரம்மா, எதுக்குக் கண்ணு நான் வரணும்?" என்று அன்பாகக் கேட்டார். மேலாளர் சொன்னதும் சரியாக இருந்தது, என் நோட்டும் சரியாக இருந்தது.

நல்ல பல்லை வெட்டுவதைச் சங்கிலிகள் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் ஜி. வி. பிளாக் 1908-இல் வெளியிட்ட பாடநூல், சொத்தை பின்னால் வராமல் இருக்கப் பக்கத்திலுள்ள நல்ல வரிப்பள்ளங்களையும் சேர்த்து வெட்டச் சொன்னது. தலைமுறை தலைமுறையாக மருத்துவர்கள் அதை நல்லெண்ணத்தோடு செய்தார்கள். 1997-இல் வில்லியம் எக்கன்பார்கர் என்ற பத்திரிகையாளர், ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழுக்காக அமெரிக்காவின் 28 மாநிலங்களில் 50 பல் மருத்துவர்களிடம் ஒரே வாயைக் காட்டினார். செலவு 500 டாலர் என்றும் சொன்னார்கள், 30,000 டாலர் வரையும் சொன்னார்கள். அந்த வித்தியாசம் முழுவதும் ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. பல்லில் சந்தேகத்துக்கு இடம் அதிகம். சொந்த கிளினிக் வைத்திருப்பவரையும் வாடகையும் நாற்காலிக் கடனும் அந்தச் சந்தேகத்துக்குள் தள்ளத்தான் செய்யும்.

ஆனால் எங்கள் ஊர்ப் பல் டாக்டர் என் அம்மாவுக்கு அடைத்த பல்லைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார். கோவில் வாசலில் கண்டால்கூட, "அந்தப் பல்லு எப்படி இருக்கு?" என்பார். தவறாகச் செய்தால் அந்தத் தவறு அவர் எதிரிலேயே நடமாடும். என் கிளையில் நான்கு ஆண்டுகளில் ஒன்பது மருத்துவர்கள் வந்து போனார்கள். யாருமே தான் அடைத்த பல் என்ன ஆயிற்று என்று பார்த்ததில்லை. தரமணிப் பையன் மறுபடி அங்கே போயிருந்தால், புதிதாக வந்த மருத்துவர் 'பழைய ஃபில்லிங்' என்று பதிந்துவிட்டு நகர்ந்திருப்பார். அந்தப் பற்களுக்கு அது தேவையில்லாமல் இருந்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும். அவன் எண் நோயாளிப் பதிவில் இருந்தது. கூப்பிட்டுச் சொல்லும் துணிவு எனக்கு அன்று வரவில்லை.

இப்போது தாம்பரம் பக்கம் ஒரு மூத்த மருத்துவரின் கிளினிக்கில் இருக்கிறேன். இரண்டு நாற்காலிகள். சம்பளம் முன்பைவிட 18,000 ரூபாய் குறைவு. இங்கும் மாதக் கடைசியில் வாடகை கட்ட வேண்டும். எனக்குள் அந்தக் காலைக் கணக்கு முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. சந்தேகமான பல்லைப் பார்க்கும்போது மூத்தவரைக் கூப்பிட்டு, அவரும் பார்த்த பிறகே முடிவு செய்கிறேன். நோட்டு இங்கும் வந்திருக்கிறது.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியோ வீக்கமோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மற்றபடி சங்கிலியோ சொந்த கிளினிக்கோ, நாற்காலியில் சாய்வதற்கு முன், "இதை இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும் டாக்டர்?" என்று கேளுங்கள். எக்ஸ்ரேயின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று ஒருவர் சொன்னால், அன்றைக்கு அவருக்கு அதில் ஒரு ரூபாயும் கிடைத்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அன்றைக்கு வலி இல்லாவிட்டாலும் போங்கள்.