கையில் கயிறு, சிலைடில் இரத்தம்

மோதிர விரலில் ஊசியால் ஒரு குத்து. சிலைடில் மூன்று சொட்டு இரத்தம். ஒன்றில் நீல நிற ஆன்ட்டி-ஏ, அடுத்ததில் மஞ்சள் நிற ஆன்ட்டி-பி, மூன்றாவதில் நிறமற்ற ஆன்ட்டி-டி. குச்சியால் கலக்கிச் சற்று நேரம் பார்த்தால், எந்தச் சொட்டு திரள்கிறதோ அதை வைத்து வகை தெரிந்துவிடும். ஏ, பி, ஓ வகைகளைப் பற்றி 1901இல் காரல் லாண்ட்ஸ்டெய்னர் கண்டுசொன்னது இன்று பிளஸ் டூ பாடம். பி பாசிட்டிவ் பாம்பன் மீனவர் வீட்டிலும் இருக்கும், கமுதி விவசாயி வீட்டிலும் இருக்கும், ராமேஸ்வரம் குருக்கள் வீட்டிலும் இருக்கும்.

அந்தச் சொட்டைக் கொடுத்த கையின் மணிக்கட்டில் சாதி நிறத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தால், அந்த மாணவன் படித்ததுதான் என்ன?

கயிறு என் கற்பனை இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை, அவன் பள்ளி மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்ய வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. இராமநாதபுரம் சீமைக்கும் சாதி வன்முறை புதிதல்ல. பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும் முதுகுளத்தூர்க் கலவரமும் 1957இல் இந்த மண்ணில் நடந்தவை. அன்று எழுத்தறியாதவர்கள் அதிகம். இன்று அரிவாளை எடுப்பவன் பள்ளிச் சீருடையில் இருக்கிறான் என்றால், குறை படிப்பின் அளவில் இல்லை, படிக்கும் விதத்தில் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மரபுக் கடத்தல் இருக்கிறது, பரிணாமம் இருக்கிறது. ஏ, பி, ஓ வகையைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்பதாம் குரோமோசோமில் இருப்பதை ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். இருபத்து மூன்று ஜோடிகளில் சாதி எந்த ஜோடியில் இருக்கிறது என்று மட்டும் எந்த வகுப்பிலும் யாரும் கேட்பதில்லை.

‘மரபியல் ஆய்வுகள் சாதிகளுக்கிடையே வித்தியாசம் காட்டுகின்றனவே’ என்பார்கள். காட்டுகின்றன. அது எப்படி வந்தது என்பதையும் அதே ஆய்வுகள் சொல்கின்றன. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ் இடம்பெற்ற குழு 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்திய மக்கள் கூட்டங்கள் தாராளமாகக் கலந்திருக்கின்றன. சொந்தச் சாதிக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை என்று இறுகியது அதற்குப் பிறகுதான். அந்த இறுக்கம் கொடுத்த சீதனம் தூய்மை அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒடுங்கு மரபணு நோய்கள்.

உயிரியல் படித்துவிட்டால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. ஹிட்லரின் ஜெர்மனியில் இனவெறிக்குத் துணைநின்றவர்களில் பட்டம் பெற்ற மருத்துவர்களும் இருந்தார்கள். அறிவு யாரையும் கைப்பிடித்து நடத்தாது. ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்ற சாக்கை அது பறித்துவிடும். தெரிந்த பிறகும் இரத்தத்தில் உயர்வு தாழ்வு உண்டு என்று நடப்பவன் அறியாதவன் அல்லன், பொய்யன்.

இந்தக் கரையில் வாழ்ந்த இரண்டு ஆசிரியர்களைப் பாருங்கள். அப்துல் கலாம் தம் சுயசரிதையில் சொன்னதுதான். ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு, குருக்கள் மகன் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பையன் உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அதே ஊரில் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை பறப்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கியும் புரியவில்லை என்றதும், பிள்ளைகளைக் கடற்கரைக்கே அழைத்துப்போய்க் காட்டியவர். அவர் கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ஆசாரமான சமையலறையில் முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மனைவி மறுத்தார். ஐயர் சண்டை போடவில்லை. தம் கையால் பரிமாறினார், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், அடுத்த வாரமும் வரச் சொன்னார். அந்த முறை அம்மையாரே உள்ளே அழைத்துப் பரிமாறினார். இருவரும் படித்தவர்கள்தான். கரும்பலகையில் எழுதியதற்கும் வீட்டில் நடந்துகொண்டதற்கும் இடைவெளி விடாதவர் ஒருவரே.

ஆசிரியர்களே, மரபியல் பாடத்தை மதிப்பெண்ணுக்கு மட்டும் நடத்தாதீர்கள். சாதி என்ற சொல்லை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கு உடலில் இடமில்லை என்பதைப் பாடத்தைக்கொண்டே நிரூபியுங்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது அரசியலமைப்பின் 51ஏ பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் விதித்த கடமை. உங்கள் வேலையே அதுதான்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் இராமநாதபுரத்துக்கே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நீட் பயிற்சிக்கு நகையை அடகு வைத்தாவது பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள். அதே பிள்ளை விபத்தில் அடிபட்டுக் கிடக்கும்போது இரத்த வங்கியில் வகையை மட்டும் கேட்கிறீர்கள். கொடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. உயிர் போகும் நேரத்தில் ஒப்புக்கொள்ளும் உண்மையைக் கல்யாணப் பேச்சில் மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்? மகள் படித்த பாடம் உண்மை என்றால், அவள் விரும்பிக் காட்டும் பையனின் சாதியைக் கேட்க உங்களுக்கு ஒரு நியாயமும் இல்லை. அந்தப் பாடம் பொய் என்றால், அவளை டாக்டருக்குப் படிக்க அனுப்பாதீர்கள்.