அளவையை அளப்பது எது?

நாழிக்கும் மரக்காலுக்கும் துலாக்கோலுக்கும் உரிய அளவை என்னும் சொல்லையே, வடமொழியில் பிரமாணம் எனப்படும் அறிதற்கருவிக்கும் தமிழ் மெய்யியல் நூல்கள் வழங்கின. சிவஞான சித்தியார் தன் பொருளுக்குள் புகுமுன் அளவைகளை எண்ணி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று வரையறுக்கிறது. காண்டல் என்பது புலன்வழி அறிவு. கருதல் என்பது புகையைக் கொண்டு நெருப்பை உய்த்துணர்தல். உரை என்பது நம்பத்தக்கோர் சொல். மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவர் தம் டிஜிட்டல் மல்டிமீட்டரின் திரையில் 5.02 வோல்ட் என்று பார்க்கும்போது, அவருக்குக் கிடைப்பது இம்மூன்றில் எவ்வகை அறிவு? கண்ணால் பார்த்ததால் காண்டல் என்று சொல்லிவிடலாம். கருவியைத் திறந்து பார்த்தால் அவ்விடை நிற்பதில்லை.

மலிவான மல்டிமீட்டர்கள் பலவற்றுள் இருக்கும் ஐசிஎல்7106 வகைச் சில்லு, வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தைக் கருவிக்குள்ளேயே உள்ள ஒப்பீட்டு அழுத்தம் ஒன்றால் வகுத்து, அவ்விகிதத்தை ஆயிரத்தால் பெருக்கித் திரையில் இடுகிறது. 200 மில்லிவோல்ட் வீச்சில் ஒப்பீட்டு அழுத்தம் 100.0 மில்லிவோல்ட்டாக நிற்க வேண்டும். அதை அந்நிலையில் நிறுத்துவது, டிரிம்பாட் எனப்படும் கடுகளவுத் திருகு கொண்ட மாறுமின்தடை. ஒப்பீட்டு அழுத்தம் நூற்றில் ஒரு பங்கு தாழ்ந்தால் திரையின் எண் ஏறத்தாழ அதே அளவு ஏறும். 9 வோல்ட் பேட்டரி தளர்ந்த நிலையில் இத்தகைய கருவிகள் சில உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதும் இதனால்தான். மின்தடையை அளக்கும்போது நிலைமை வேறு. தெரிந்த மின்தடையிலும் தெரியாத மின்தடையிலும் ஒரே மின்னோட்டத்தைச் செலுத்தி இரண்டின் விகிதத்தை மட்டும் எடுப்பதால், டிரிம்பாட்டை எவ்வளவு திருகினாலும் ஓம் வீச்சின் எண் அசைவதில்லை. எவ்வாறாயினும் திரையில் தெரிவது விகிதம். அது வோல்ட் என்பது கருதலால் சேர்த்துக்கொண்டது.

அளவை பொருளை நிறுவுகிறது என்றால் அந்த அளவையை நிறுவுவது எது என்று பௌத்த மெய்யியலார் நாகார்ஜுனர் விக்கிரகவியாவர்த்தனி என்னும் நூலில் கேட்டார். வேறோர் அளவை என்றால், அதை நிறுவ இன்னொன்று, அதற்கும் இன்னொன்று என்று முடிவின்றிப் பின்செல்ல நேரும். தருக்க நூலார் இக்குற்றத்தை அநவத்தை என்பர். நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இத்தகைய தடைக்குத் துலாக்கோலையே சான்றாக நிறுத்துகிறது: பொன்னை நிறுக்கும்போது துலாக்கோல் அளவை, எடை தெரிந்த பொன்னைக் கொண்டு அதைச் சோதிக்கும்போது அதுவே அளக்கப்படும் பொருள். ஒன்றே வேறுவேறு வேளையில் இரு நிலையும் எய்தலாம் என்னும் இவ்விடையை, மல்டிமீட்டரை மேசையில் கவிழ்த்துப் பின்மூடியைக் கழற்றும் எவரும் தம்மையறியாமல் ஏற்றுக்கொள்கிறார்.

ஆயினும் அந்தப் பொன்னின் எடை தெரிந்தது எவ்வாறு என்ற கேள்வி எஞ்சுகிறது. மல்டிமீட்டருக்கு அந்தப் பொன்னாக ஆர்வலர்கள் வாங்கும் ஏடி584 என்னும் ஒப்பீட்டு அழுத்தப் பலகை 2.5, 5, 7.5, 10 வோல்ட் என நான்கு அழுத்தங்களைத் தரும். பலகையோடு வரும் சிறு சீட்டில், விற்பவர் தம் கருவியில் கண்ட மதிப்புகளைப் பல தசமத்தானங்களுக்கு எழுதியிருப்பார். அந்த எண்ணுக்குப் பொருந்தும் வரை திருகைத் திருப்பும் ஆர்வலர், முகமறியா ஒருவரின் சொல்லைத் தம் கருவிக்குள் ஏற்றிவிடுகிறார். ஆக, காண்டல் என்று தோன்றியது உரையில் வந்து நிற்கிறது. வீட்டிலுள்ள இரண்டு மீட்டர்கள் ஒத்துப்போவதும் பெரிய ஆறுதல் அன்று, ஏனெனில் ஒரே ஆலையில் ஒரே ஒப்பீட்டைக் கொண்டு சரிசெய்யப்பட்டவை பிழையிலும் ஒத்துப்போகும்.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குக் கருவியை அனுப்பினாலும் நம்புவது உரையைத்தான். சொல்பவர் மட்டுமே மாறுகிறார். அவ்வாய்வகத்தின் சான்றிதழ் தன்னினும் நுட்பமான தரத்தைச் சுட்ட, இந்தியாவில் அச்சுட்டல் புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை செல்கிறது. ஒரு காலத்தில் அத்தொடரின் உச்சியில், எட்வர்ட் வெஸ்டன் 1893இல் உருவாக்கிய காட்மியம் மின்கலம், சுமார் 1.0186 வோல்ட்டோடு, கண்ணாடிக் குழாய்க்குள் அமர்ந்திருந்தது. இன்று அவ்விடத்தில் இருப்பது, பிரையன் ஜோசப்சன் 1962இல் முன்கூறிய விளைவு: மெல்லிய காப்புப் படலத்தால் பிரிந்த இரு மீக்கடத்திகளின் மீது நுண்ணலையைப் பாய்ச்சினால், அழுத்தம் அலையின் அதிர்வெண்ணையும் பிளாங்க் மாறிலியையும் எலெக்ட்ரான் மின்னூட்டத்தையும் மட்டுமே சார்ந்த படிகளாக எழும். 2019 மே 20 முதல் அவ்விரு மாறிலிகளின் எண்மதிப்புகளும் பிழைவரம்பின்றி நிலைநிறுத்தப்பட்டுவிட்டதால், அவற்றை இனி எவரும் அளந்து திருத்த முடியாது. வேதம் ஆக்கியோன் இல்லாதது, ஆதலால் குற்றமற்றது என்றனர் மீமாம்சகர். இந்த எண்களுக்கோ ஆக்கியோர் உண்டு, நாடுகளின் பேராளர்களாக 2018 நவம்பரில் வெர்சாயில் கூடி வாக்களித்தும் இருக்கிறார்கள். அநவத்தை முடிவது இங்கே ஒரு தீர்மானத்தில்தான். அதைக் குறை என்று கொள்வது பொருந்தாது, இயற்கை எண்ணோடு பிறப்பதில்லை.

அறிவு தன்னளவிலேயே செல்லும், பழுது தெரிந்தால் மட்டுமே விலக்க வேண்டும் என்று மீமாம்சகரான குமாரிலபட்டர் வாதிட்டது அன்றாடப் பயன்பாட்டுக்கு நன்கு பொருந்துகிறது. இல்லையேல் ஒரு பேட்டரியைக்கூடச் சோதிக்க முடியாது. ஐயம் எழுந்த பிறகு செய்ய வேண்டியதில்தான் ஆர்வலர்கள் பெரும்பாலும் அவசரப்படுகிறார்கள். அளவியலில் காலிப்ரேஷன் என்பது ஒப்பிட்டுப் பிழையைக் குறித்துக்கொள்வது மட்டுமே. திருகைத் திருப்புவது சீராக்கல் என்னும் வேறு செயல். முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்தால் கருவியின் பழைய வரலாறு அழிந்துபோகும். மீட்டரை அரைமணி நேரம் இயக்கத்தில் வைத்து, அறையின் வெப்பநிலையையும் ஒவ்வொரு வீச்சிலும் கண்ட எண்ணையும் குறித்து, 10.00 வோல்ட்டுக்கு 10.03 என்று காட்டுகிறது என ஒரு சீட்டில் எழுதிப் பின்மூடியில் ஒட்டிவிட்டால், அறியத்தக்கது அறியப்பட்டுவிடுகிறது. திருகைத் தொடாமலே மூடியை மாட்டிவிடலாம்.