திண்ணை யாருக்கு?

இஷா தொழுதுவிட்டு வெளியே வருகிறோம். பள்ளிவாசல் ஓரத்தில் ஒருவர் சுருண்டு கிடக்கிறார். "குடிகாரனாயிருப்பான்" என்று கடந்து போகிறோம். தகுதி பார்த்துத்தான் இடம் தர வேண்டுமா?

ஹிஜ்ரி 2-ல் கிப்லா கஅபாவை நோக்கி மாறியபின், மஸ்ஜிதுந் நபவீயின் வடபுறக் கூரையின் கீழ் வீடற்றோர் தங்கினர். அந்தத் திண்ணைத் தோழர்களுள் அபூஹுரைரா (ரலி) அவர்களும் ஒருவர். ஒரு கிண்ணம் பால் வந்தபோது அவர்களையெல்லாம் முதலில் பருகச் செய்து, நாயகம் (ஸல்) அவர்கள் கடைசியாகப் பருகினார்கள்.

அவர்கள் நல்லடியார்கள், இவன் குடிகாரனாயிற்றே என்பீர்கள். மது அருந்தித் தண்டனை பெற்றவரைச் சிலர் சபித்தபோது, சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

பள்ளியின் தூய்மை காக்கப்பட வேண்டியதே. அதற்கு விரட்டுவது வழியல்ல. ஓரமாய் ஒரு கொட்டகை, குளிக்கத் தண்ணீர், மருத்துவரிடம் அழைத்துப்போக ஒரு துணை போதும். தலைசாய்க்க இடமில்லாதவன் தவ்பாவைப் பற்றி எப்போது சிந்திப்பான்? முதலில் இடம், பிறகு உபதேசம்.

அந்த மனத்தை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.